எச்ஐவி வழக்கில் பயிற்சி மாணவர்: டைரியில் என்ன எழுதலாம், என்ன கூடாது

எச்ஐவி உள்ளவர்களுக்கான இலவசச் சட்ட உதவியில் இன்டர்ன்ஷிப் செய்ய வரும் சட்ட மாணவர்கள் 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை போன்ற இடங்களில் கட்சிக்காரரை, அதாவது வழக்குக்காக நம்மிடம் வருபவரைப் பயமுறுத்துவது வழக்கில் தோல்வியல்ல, பெயர் வெளியே போவது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்கிறோமே, அந்தப் பரிசோதனை மையம் கேரளத்தில் ‘ஜ்யோதிஸ்’. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை தரும் மையம் ‘உஷஸ்’. அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கும் என்று கோவைக்கு பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. அலுவலக வராந்தாவில் நின்று “உஷஸில் எப்போ பதிஞ்சீங்க?” என்று கேட்டால் போதும், கதை முடிந்தது.

முதல் சந்திப்பில் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்க வேண்டாம். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். வீட்டு முகவரிக்குக் கடிதம் போகலாமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலவசச் சட்ட உதவிக்கான விண்ணப்பம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. அதனால் ஒரு பெண்ணிடம் வருமானச் சான்றும் வேண்டாம், ஏஆர்டி அட்டையின் நகலும் வேண்டாம். ஜீவனாம்சமோ பாகப்பிரிவினையோ கேட்கும் வழக்கில் எச்ஐவி என்ற சொல்லே தேவைப்படாமல் போகலாம். தேவையில்லாத இடத்தில் அதை எழுதுவது உதவியல்ல, உபத்திரவம்.

தேவைப்படும் இடமும் உண்டு. எச்ஐவி இருந்த கணவர் இறந்தபின் மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்படும் பெண்ணுக்கு 2017 சட்டத்தின் 29-ஆம் பிரிவு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தருகிறது. அவருக்குத் தொற்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தொற்றுள்ளவரோடு வாழ்ந்தவரும் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’தான். மாணவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதை.

மருத்துவமனை சிகிச்சை மறுத்தால் நேரே ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்க மாநில அரசு நியமிப்பவரிடம் போகலாம். புகார் வந்த 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும்; எச்ஐவி உள்ளவருக்கு மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். எனவே புகாரின் முதல் வரியிலேயே அவசரத்தைச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தில் புதைக்காதீர்கள். இங்கே எல்லைச் சிக்கல் ஒன்று: கட்சிக்காரர் கேரளத்துக்காரர், மறுத்தது கோவை மருத்துவமனை. சம்பவம் நடந்த மாநிலத்து ஓம்புட்ஸ்மேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேரளத்தில் கொடுக்கும் புகார் என்றால், கட்சிக்காரர் தமிழில் சொன்னதை மலையாளத்தில் வரையும்போது எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால் 2017 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி புனைபெயரில் வழக்கு நடத்தவும் மூடிய அறையில் விசாரிக்கவும் மனு போட்டுக் கேட்கலாம். அந்த மனுவைப் பிராதோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு எண் விழுந்தபின் கேட்டால் வழக்கு விவரங்கள் எல்லோருக்கும் தெரியும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயர் ஏற்கனவே ஏறியிருக்கும். இதைச் சரிபார்க்கும் வேலையைப் பயிற்சி மாணவரிடமே கொடுக்கலாம், உருப்படியான வேலை.

கடைசியாக, இன்டர்ன்ஷிப் டைரி. பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி. கல்லூரிக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும், அதைப் பலர் படிப்பார்கள். “கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்புத் தொழிலாளி, இரண்டு பெண் குழந்தைகள்” என்று எழுதினால் பெயர் இல்லாமலேயே ஆள் தெரிந்துவிடும். “குடியிருப்பு உரிமை, பிரிவு 29, மனு வரைவு, 3 மணி நேரம்” என்றால் மதிப்பெண்ணுக்கும் போதும். நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்துகொண்ட எச்ஐவி நிலையை நீதிமன்ற உத்தரவின்றி வெளியிட்டால் 2017 சட்டத்தின் 39-ஆம் பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாணவர் என்பதற்கு விலக்கில்லை. வழக்குக் கோப்பைப் போனில் படமெடுத்தால் அது தானாகவே கூகுள் போட்டோஸில் ஏறிவிடலாம், வீட்டில் தம்பி தங்கை பார்க்கும் அதே கணக்கில். படமே எடுக்காதீர்கள்.