குளிர் இரத்தமும் குளிர் காயும் பாம்பும்

அக்கா மகன் டொராண்டோவில் பாம்பு வளர்க்கிறான். பால் பைதான் என்கிற சிறு மலைப்பாம்பு. பூர்விகம் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கம். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன குளிர்காலத்தில் அங்கே போயிருந்த அக்கா, மின்கட்டணத்துக்குப் பயந்து, பாம்புப் பெட்டிக்கு அடியில் இருந்த சூட்டு விரிப்பை ராத்திரி ராத்திரி அணைத்திருக்கிறாள். தின்ற எலியைப் பாம்பு இரண்டாம் நாள் அரைகுறையாகக் கக்கிவிட்டது. போனில் கேட்டேன். “அது குளிர் ரத்தப் பிராணிதானேடா, பள்ளிக்கூடத்திலேயே படிச்சோமே. அதுக்கு எதுக்கு ஹீட்டர்?” என்றாள்.

அக்கா மேல் தப்பே இல்லை. தப்பு அந்தச் சொல் மேல்.

‘குளிர் இரத்தம்’ நாம் உருவாக்கிய கருத்தில்லை. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளை வகை பிரித்தபோது, ஊர்வனவற்றையும் மீன்களையும் ‘குளிர்ந்த, சிவந்த இரத்தம் உடையவை’ என்று லத்தீனில் எழுதினார். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது, எழுதிவிட்டார். அது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் பாடநூலுக்கு வந்து சேர்ந்தது. அறிவியலாளர்கள் அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. அவர்கள் இப்போது சொல்வது எக்டோதெர்ம்: கிரேக்கத்தில் எக்டோஸ் என்றால் வெளியே, தெர்மே என்றால் வெப்பம். உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் உயிர். இரத்தம் குளிரா சூடா என்ற பேச்சே அதில் கிடையாது. அமெரிக்கப் பாலைவனத்து இகுவானா என்ற பல்லியினம் ஒன்று 40 டிகிரியைத் தாண்டிய உடம்போடு உச்சி வெயிலில் ஓடியாடுகிறது. நமக்கு 37 தான். அப்போது யாருக்குக் குளிர் இரத்தம்?

இதற்கிடையே தனித்தமிழ் அன்பர்கள் புகுந்து, ‘இரத்தம்’ வடசொல் என்று சொல்லிக் ‘குளிர்குருதி விலங்கு’ ஆக்கினார்கள். குருதி நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு சொற்களில் பிழை எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இரத்தம் வடமொழியிலிருந்து வந்தது, சரி. அதனால் எந்தப் பாம்பும் சாகவில்லை. பொய் சொல்வது ‘குளிர்’. அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் ‘வழக்கில் வந்துவிட்டது’ என்பார்கள். இரத்தமும் வழக்கில் வந்ததுதானே ஐயா, அதை மட்டும் ஏன் மாற்றினீர்கள்?

‘மாறுவெப்ப விலங்கு’ என்று இன்னொன்று உண்டு. இது பரவாயில்லை, பொய் சொல்லவில்லை. ஆனாலும் காற்று அடிக்கும் பக்கமெல்லாம் சாயும் நாணல் மாதிரிப் பாம்பைக் காட்டுகிறது. உண்மையில் பாம்பு சும்மா மாறிக்கொண்டிருப்பதில்லை, இடம் மாறி மாறித் தன் சூட்டைப் பார்த்துக்கொள்கிறது. பால் பைதானுக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி வேண்டும், மறுமுனையில் 25, 26 போதும். இரை விழுங்கியதும் சூட்டுப் பக்கம் போய்ப் படுக்கும், போதுமென்றால் இந்தப் பக்கம் வந்துவிடும். வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும் ராத்திரியில் விரிப்பையும் அணைத்துவிட்டால் போவதற்கு அதற்கு ஓர் இடமில்லை. வயிற்றில் எலி செரிக்காமல் அழுகத் தொடங்கும். கக்காமல் என்ன செய்யும்? பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், மயிலின் உடம்புச் சூட்டையாவது அது பிடித்து வைத்திருக்கும். பாம்புக்குக் கம்பளி போர்த்திப் பயனில்லை, உள்ளே பிடித்து வைக்க ஒன்றுமில்லை.

விதிவிலக்கும் உண்டு. நியூயார்க் விலங்குக்காட்சிச் சாலையில் அடைகாத்த பர்மிய மலைப்பாம்பு ஒன்றை அளந்து பார்த்து 1966-இல் வெளியிட்டார்கள். சுற்றுப்புறம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அது தசைகளை வெட்டி வெட்டி இழுத்துத் தன் உடம்பைத் தானே சூடேற்றிக்கொண்டது. இந்தத் தாயையும் ‘குளிர்குருதி’ என்று எழுதுகிறவர் எழுதட்டும்.

என் வாக்கு ‘புறவெப்ப விலங்கு’க்கு. மூலச்சொல்லான எக்டோதெர்மின் பொருளும் அதுவே. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

எரிச்சல் இதோடு முடியவில்லை. பெட்டியின் சூடான முனையைச் ‘சூரியக் குளியல் இடம்’ என்று ஒரு வளர்ப்புக் கையேட்டில் மொழிபெயர்த்திருந்தார்கள். குளியல் என்றதும் ஒருவர் தண்ணீர்த் தொட்டியை அந்த முனையில் வைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். காய்தல் என்று ஒரு சொல் நம்மிடம் எத்தனை காலமாக இருக்கிறது! முதலை மணல்திட்டில் வெயில் காய்கிறது, மார்கழியில் தாத்தா அடுப்படியில் குளிர் காய்கிறார். வெளிச்சூட்டை உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் இரண்டும். ‘காயும் இடம்’ என்று எழுதினால் எந்தப் பாட்டிக்கும் விளக்கம் வேண்டாம். அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னேன்: “அது குளிர் ரத்தம் இல்லக்கா, குளிர் காயற ஜாதி.” அன்றிலிருந்து விரிப்பை அவள் தொடவில்லை.

அதே கையேட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பநிறுத்தி’ என்று இருந்தது. விரிப்பின் சூடு அளவு மீறிப் பாம்பின் வயிறு வெந்துவிடாமல் காப்பதே அந்தக் கருவிதான். வெப்பத்தை நிறுத்திவிடும் என்று படித்து அதையும் யாராவது கழற்றி வைத்தால்? தெர்மோஸ்டாட் என்றே இருக்கட்டும். கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.