எந்த நீர் மாத்திரை நல்லது?

இதயச் செயலிழப்புக்கு வருஷக்கணக்கில் நீர் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "டாக்டர், லேசிக்ஸை விட டைட்டார் நல்லதாமே, மாத்திடலாமா?"

பாதி உண்மை. லேசிக்ஸில் இருக்கும் ஃப்ரூசமைடு மாத்திரையாகப் போட்டால் சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும், சாப்பாட்டோடு போட்டால் இன்னும் குறையும். டைட்டாரில் இருக்கும் டார்செமைடு பெரும்பாலும் எண்பது சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேலையும் செய்யும். அப்போ உயிரையும் கூடுதலாகக் காப்பாற்றுமா? அமெரிக்காவில் 2,859 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2023-ல் வெளியான ட்ரான்ஸ்ஃபார்ம் ஆய்வில் இரண்டு பக்கமும் இறந்தவர்கள் சுமார் 26 சதவீதம். வித்தியாசமே இல்லை.

அதனால் ஒரு மாத்திரை ஒத்துப்போய், வீக்கமும் மூச்சுத்திணறலும் கட்டுக்குள் இருந்தால் நான் மாற்றுவதில்லை. குடலிலும் நீர் கோத்து, வயிறு உப்பி, ஃப்ரூசமைடு கேட்காமல் போனவர்களுக்குத்தான் மாற்றுகிறேன் (40 மில்லிகிராமுக்குப் பதில் டார்செமைடு 20).

உண்மையில் பலர் திரும்ப அட்மிட் ஆவது மாத்திரையை விட்டுவிடுவதால். வியாசர்பாடியிலிருந்து தி.நகருக்கு பஸ்ஸில் போகணும், வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று பெண்கள் அன்றைக்கு மாத்திரையே போடமாட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் விடவேண்டாம், வீட்டுக்கு வந்து மதியம் இரண்டு மணிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்கு மேல் போட்டால் ராத்தூக்கம் போச்சு.

காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். முட்டி வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், நீர் மாத்திரையின் வேலை கெடும். கத்திரி வெயிலில் வாந்தி, பேதி, எழுந்தால் தலைசுற்றல் என்றால் அன்றைய மாத்திரைக்கு முன்னாடியே கேளுங்கள், அளவைக் குறைக்கவேண்டி வரலாம்.

அப்புறம், அட்டையில் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். டைட்டார் பிளஸ்ஸில் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்திருக்கிறது. இதயத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் பொட்டாசியத்தை ஏற்றும். அதோடு தினமும் இளநீர் குடித்தால், அதிலும் கிட்னி கொஞ்சம் பலவீனமாக இருந்தால், இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடலாம். கடையில் வேறு அட்டை கொடுத்தால் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள்.