வியர்வையைப் பார்க்காதீர்கள், பையனின் பேச்சைக் கவனியுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, கவசம் போட்டு மோதி ஆடும் ஆட்டம்) சீசன் என்றால் எல்லோருக்கும் சனிக்கிழமை ஆட்டங்கள்தான். அணி மருத்துவர்களுக்கு அது ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமிலேயே தொடங்கிவிடும். எங்களுக்கு அதிகக் கவலை தருவதும் அந்த நாட்கள்தான். இந்த வருடமும் முகாம் தொடங்கிய சில நாட்களிலேயே முதலாமாண்டு லைன்மேன் (முன்வரிசையில் நின்று மோதும் கனத்த ஆட்டக்காரர்) ஒருவன் சுருண்டு விழுந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனைத் தாங்கிப் பிடித்து வந்தவர்கள் முதலில் சொன்னது, “நல்லா வியர்த்துக் கொட்டுது டாக்டர், ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்காது” என்பதுதான். உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறி மூளையே தடுமாறும் நிலைதான் ஹீட் ஸ்ட்ரோக். இதையே எத்தனை தடவை கேட்பது?

வியர்வை நின்று, தோல் வறண்டு போனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் படித்திருக்கிறார்கள். அது யாரிடம் காணப்படும் அறிகுறி? கடும் வெயில் நாட்களில் காற்றோட்டமில்லாத வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவர்களிடம். அவர்களுக்குச் சூடு வெளியிலிருந்து ஏறுகிறது. ஓடுகிற பையனுக்கோ அவன் தசைகளே சூட்டை உண்டாக்குகின்றன. ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் அந்தச் சூட்டை வெளியே விடுவதில்லை. அவன் விழும்போதும் வியர்த்துக்கொண்டுதான் இருப்பான். தொட்டால் தோல் ஈரமாக, சில சமயம் ஜில்லென்றுகூட இருக்கும். உள்ளே 106 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கலாம். வியர்வை வருகிறது என்றால் உடம்பு போராடுகிறது என்று மட்டும்தான் பொருள், ஜெயித்துவிட்டது என்று அல்ல. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அந்த வியர்வை ஆவியாகாமல் சும்மா வழிந்தோடும், உடம்பைத் துளியும் குளிர்விக்காது. தயவுசெய்து வியர்வையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் எதைப் பார்ப்பது? மூளையை. காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரியாமல் முழிக்கிறானா, தள்ளாடுகிறானா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். நடுவில் சில நிமிடம் தெளிந்து “எனக்கு ஒண்ணுமில்லை” என்பான். நம்பாதீர்கள். நெற்றி, காது, அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர்களையும் இந்த நேரத்தில் நம்ப முடியாது. ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவுதான் சரி. கூச்சமாக இருக்கும்தான். அதற்காகத் தவறான எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பையனைத் திரும்ப ஓட விட முடியுமா?

104 டிகிரிக்கு மேல் இருந்து, மூளையும் தடுமாறினால் உடனே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குங்கள். இறக்கும்போதே ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் மருத்துவமனை. சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஜன்னி வரும், இதயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மாசசூசெட்ஸில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டத்தின் 18 வருடப் பதிவுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து இப்படித் தொட்டியில் இறக்கப்பட்டவர்கள் 274 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு செல்சியஸ் டிகிரி (1.8 ஃபாரன்ஹீட்) இறங்கும். 102 ஃபாரன்ஹீட்டுக்கு வந்ததும் வெளியே எடுக்கலாம். அரை மணி நேரத்துக்குள் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் பையன் தப்பித்துவிடுவான். தொட்டி இல்லையா? தார்ப்பாயில் படுக்க வைத்து நாலு பக்கமும் தூக்கிப் பிடித்துப் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றுங்கள்.

2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழக அணியின் 19 வயது லைன்மேன் ஜோர்டான் மெக்நேர் ஓட்டப் பயிற்சியின்போது தளர்ந்தார். அவரைப் பனித்தொட்டியில் இறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகவே ஒரு மணி நேரம் ஆனது. ஜூன் 13 அன்று இறந்துபோனார். அது சீசன்கூட இல்லை, மே மாதம். இந்த மரணத்தை நினைத்தால் இன்னமும் ஆறவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. 2003 முதல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஆரம்ப நாட்களில் கவசங்களைப் படிப்படியாகத்தான் சேர்க்க வேண்டும் என்கிறது. ஒரே நாளில் இரண்டு மோதல் பயிற்சிகள் 2017-ல் நிறுத்தப்பட்டன. ஆனால் உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். கோடையெல்லாம் ஏசி அறையில் இருந்துவிட்டு வரும் புதுப் பையன், அதிலும் 130 கிலோ லைன்மேன், முதல் வாரத்தில்தான் அதிகம் மாட்டுகிறான்.

பையன்களே, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைக்கு மைதானத்துக்கு வராதீர்கள். முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடிகளைத் தூக்கிப் போடுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ADHD) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எங்களிடம் மறைக்காதீர்கள், அந்த மருந்துகள் உடல் வெப்பத்தை ஏற்றும். தண்ணீர் குடியுங்கள். ஆனால் குடித்துவிட்டேன், எனக்கு வராது என்று நினைக்காதீர்கள்.

கோச்களே, தண்டனையாக ஓடவிடுவதை நிறுத்துங்கள். வேறு வழியில் ஒழுங்கு சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். மகனைச் சேர்க்கும்போது அணியின் வெற்றிக் கணக்கைக் கேட்பீர்கள், உதவித்தொகையைக் கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: பயிற்சி தொடங்கும் முன் மைதானத்து ஓரத்தில் பனித்தொட்டி நிரப்பி வைக்கிறீர்களா? பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் கோச்சைக் கேட்காமலேயே மருத்துவக் குழுவுக்கு உண்டா? இரண்டுக்கும் அங்கேயே, தயங்காமல் ‘ஆமாம்’ என்று சொல்லாத இடத்தில் உங்கள் பையனை விடாதீர்கள்.