மாட்டுக்கு ஹீட்டா, பருவமா?

ஓமலூர்ப் பக்கம் எந்தப் பால் சொசைட்டியில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "மாடு ஹீட்டுக்கு வந்திருக்குதுங்க, ஊசி போடறவரு எப்ப வருவாரு?"

மாடு இணைசேரத் தயாராக இருக்கிறது என்பதைத்தான் 'ஹீட்' என்கிறார்கள். ஊசி என்பது செயற்கைக் கருவூட்டல். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரை மாதம் வெளியூரிலிருந்து போன் செய்து, "மாடு ஹீட்டா இருக்குது, பார்த்துக்கடா" என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். பையன் நல்லவன். மாட்டை வேப்பமர நிழலில் கட்டி, ஓஸ் பைப்பில் அரை மணி நேரம் குளிப்பாட்டிவிட்டான். சினை ஊசி போட வேண்டிய நேரம் போய்விட்டது. அப்புறம் அடுத்த பருவம் வர 21 நாள் காத்திருந்தோம்.

ஆங்கிலத்தில் இதற்குத் துறைச்சொல் 'ஈஸ்ட்ரஸ்'. வேர், கிரேக்கத்தின் 'ஓய்ஸ்ட்ரோஸ்'. பொருள், மாட்டை விரட்டி விரட்டிக் கடிக்கும் ஈ. கிரேக்கப் புராணத்தில் ஈயோ என்ற பெண் பசுவாக மாற்றப்படுகிறாள். ஹீரா என்ற தேவி ஏவிய ஈ அவளை நாடு நாடாக ஓட வைக்கிறது. (ஈயோவை ஈ துரத்தியது என்ற பொருத்தம் தமிழில் படிப்பவருக்கு மட்டும் கிடைப்பது.) ஈ கடித்த மாடு போல நிலைகொள்ளாமல் தவிப்பதால், வெறிக்கும் வேட்கைக்கும் அதுவே பெயராயிற்று. 1900இல் வால்டர் ஹீப் என்ற ஆங்கில விலங்கியலாளர் அதை இனப்பெருக்க அறிவியலுக்குள் கொண்டுவந்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் பெயரும் இந்த ஈயிலிருந்து வந்ததுதான்.

நம் ஊர்க்காரர்கள் ஈயைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்டார்கள். "மாடு கத்துது" என்றால் போதும், விஷயம் புரிந்துவிடும். கண்ணாடி போல வழும்பு தொங்கும், பால் குறையும், தீவனத்தில் நாட்டம் இருக்காது. இன்னொரு மாடு மேலே தாவினால் விலகாமல் நின்று கொடுக்கும். இதுதான் உறுதியான அறிகுறி. ஆனால் தும்பு போட்டுக் கட்டிய ஒற்றை மாட்டிடம் அதைப் பார்க்க வழியில்லை. கத்தாமலே பருவம் வந்து போனால் அது 'ஊமைப் பருவம்'. கத்தலை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் இப்படிப் பெயர் வைக்கத் தோன்றும்.

பருவம் நீடிப்பது சராசரியாக 12 முதல் 18 மணி நேரம். அது அடங்கிய பிறகுதான் கருமுட்டை வெளிவரும். அதனால்தான் காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். கறவை கூடக் கூட இந்த நேரமும் சுருங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், அதிகம் கறக்கும் மாடுகளுக்குப் பருவம் சுமார் 6 மணி நேரமும், குறைவாகக் கறப்பவற்றுக்குச் சுமார் 11 மணி நேரமும் நீடித்தது. நிறையத் தின்னும் மாட்டின் ஈரலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து, ஹார்மோன் சீக்கிரம் கரைந்துவிடுவதே காரணம் என்கிறார்கள்.

அடுத்தது வெயில். வெப்ப அயர்ச்சியில் மாட்டின் பருவ அறிகுறிகள் மங்கும், சினை பிடிப்பதும் குறையும். ஏற்காட்டுக் குளிரில் கலப்பின மாடு சுகமாக நிற்கும். மலையடிவாரத்தில் மூச்சு வாங்கும். வெளியே ஹீட் ஏறினால் மாட்டுக்கு ஹீட் வராது! இதற்கு மேலும் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டுமா?

கால்நடைக் கையேடுகள் 'சினைப்பருவம்' என்கின்றன. பிழையில்லை. ஆனால் 'சினை மாடு' என்றால் கருவுற்ற மாடு. புதிதாக மாடு பிடித்தவர் சினைப்பருவத்தையும் சினைக்காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். மரக்கிளைக்கும் சினை என்று பெயர் உண்டு, இலக்கணத்தில் உறுப்புக்கும் அதே பெயர். 'வேட்கைக் காலம்' ஏட்டோடு சரி. 'பருவத்துக்கு வந்திருக்கு' என்பதே என் தேர்வு. ஊரில் ஏற்கெனவே இருக்கும் சொல், வெயிலோடும் குழம்பாது.

அம்மாவுக்கு இந்தச் சொல் தகராறே கிடையாது. நாட்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் 'க' என்று ஓரெழுத்து போடுவார், 21 நாள் தள்ளி ஒரு வட்டம். ஊமை மாட்டுக்கு வட்டம் மட்டும்தான்.