வேலிடேஷன்: செல்லுபடிச் சோதனை

இணையப் படிவத்தில் ஒருவர் தன் பிறந்த நாளை 1990 பிப்ரவரி 30 என்று நிரப்பி அனுப்புகிறார். அப்படி ஒரு நாளே கிடையாது, சர்வர் அதை ஏற்கக் கூடாது. இன்னொருவர் பிப்ரவரி 12 என்று போடுகிறார். நாட்காட்டியில் இருக்கிற நாள்தான். ஆனால் அவர் பிறந்தது அன்றைக்குத்தானா என்பது வேறு கேள்வி. முதலாவதைச் சோதிப்பது வேலிடேஷன், இரண்டாவதைச் சோதிப்பது வெரிஃபிகேஷன். தமிழில் இரண்டையும் பெரும்பாலும் 'சரிபார்ப்பு' என்றே எழுதிவிடுகிறோம். புதிதாக நிரல் எழுத வருபவர்களை இது குழப்பும்.

இரண்டும் லத்தீன் வேர்கள் கொண்டவை. 'வாலிடுஸ்' என்றால் வலிமையுள்ளது, 'வேருஸ்' என்றால் மெய்யானது. வலிமை என்ற பொருள் சட்ட வழக்கில் புகுந்து, 'சட்டப்படி செல்லக்கூடியது' என்று ஆனது. இலங்கைச் சட்டத் தமிழில் 'வலிதான' என்ற சொல் உண்டு. அந்த வேருக்கு அது அப்படியே பொருந்துகிறது.

ஆனாலும் நான் 'செல்லுபடி' பக்கம்தான். காசு, சீட்டு, வாக்கு எல்லாவற்றையும் செல்லும், செல்லாது என்றுதானே பேசுகிறோம்? செல்லாத வாக்கு என்றால் பொய்யான வாக்கு என்று யாரும் நினைப்பதில்லை. விதிப்படி இல்லை, அதனால் எண்ணிக்கையில் சேராது, அவ்வளவுதான். வேலிடேஷன் செய்வதும் அதையேதான். வந்த மதிப்பு நாம் வகுத்த விதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறது. எனவே வேலிடேஷனுக்குச் 'செல்லுபடிச் சோதனை', வெரிஃபிகேஷனுக்குச் 'சரிபார்ப்பு' என்று பிரித்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரியின் வடிவத்தைப் பார்ப்பது முதல் வகை. அந்த முகவரிக்கு ஓர் இணைப்பை அனுப்பி, அதைச் சொடுக்கச் சொல்வது இரண்டாம் வகை.

சரி, சோதனையை எங்கே செய்வது? உலாவியில் செய்வது பயனரின் வசதிக்காக, பிழையை உடனே காட்டலாம். ஆனால் படிவத்தைத் திறக்காமலே, கர்ல் போன்ற கருவியால் சர்வருக்கு எதை வேண்டுமானாலும் அனுப்ப முடியும். ஆகவே சர்வரில் கட்டாயம் மறுபடி சோதிக்க வேண்டும்.

பிஎச்பி என்ற நிரல் மொழியில் தேதியைச் சோதிக்க 'செக்டேட்' என்ற செயற்கூறு இருக்கிறது. முழு எண், மின்னஞ்சல் போன்றவற்றுக்கு 'ஃபில்டர்_வார்' இருக்கிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. உள்ளீடு முழு எண்ணாக இருந்தால் இந்தச் செயற்கூறு அந்த எண்ணையே திருப்பித் தரும், இல்லையென்றால் 'ஃபால்ஸ்' (பொய் என்ற மதிப்பு) தரும். பயனர் 0 என்று கொடுத்தால்? திரும்பி வருவதும் 0. வெறும் 'இஃப்' நிபந்தனை 0-ஐயும் 'ஃபால்ஸ்' போலவே பார்ப்பதால், அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு, செல்லுபடியான மதிப்பைத் தள்ளிவிடும். மூன்று சமக்குறி போட்டு 'ஃபால்ஸ்'தானா என்று ஒப்பிட வேண்டும்.

அப்புறம், செல்லுபடியானதெல்லாம் ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது. ஓ'பிரையன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒற்றை மேற்கோள்குறி வரும். பெயராக அது முழுக்கச் செல்லும். அதை அப்படியே எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல் மொழி) வரிக்குள் ஒட்டினால் வினவல் உடையும், தீய நோக்கமுள்ளவர் நுழைவதும் இதே வழியில்தான். அதற்குத் தீர்வு மதிப்பைத் தனியாக அனுப்பும் 'பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்'. பெயரிலிருந்து மேற்கோள்குறியை நீக்கிவிடுவது தீர்வே இல்லை.