விண்டோஸ் ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறும்போது பாதியில் நின்றதா? ஃபார்மேட் வேண்டாம்

"சார், ஹோம்ல இருந்து ப்ரோ மாத்தினோம், பாதியில நின்னுடுச்சு. பேசாம ஃபார்மேட் பண்ணிடட்டுமா?" சர்வீஸ் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் போன் இது. ஆடிட்டர் அலுவலகம், சின்ன கம்பெனி, காலேஜ் லேப் என்று எங்கிருந்து கேட்டாலும் என் முதல் பதில் ஒன்றுதான்: கையை எடுங்கள், ஃபார்மேட் வேண்டாம்.

கடையில் வாங்கும் லேப்டாப் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜோடு வரும். வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு பார்க்க வேண்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப் தேடுவார்கள். ஹோமிலிருந்து இன்னொரு மெஷினுக்குள் போகலாம். ஹோம் மெஷினுக்குள் வெளியிலிருந்து வர முடியாது. டொமைனில் (கம்பெனியின் பொது நெட்வொர்க்கில்) சேர்ப்பது, குரூப் பாலிசி (விண்டோஸ் அமைப்புகளை விதியாகக் கட்டுப்படுத்துவது), டிரைவைப் பூட்டும் பிட்லாக்கரின் முழு வசதி எல்லாவற்றுக்கும் ப்ரோ வேண்டும். தேவை டேலி மட்டும்தான் என்றால் எனிடெஸ்க் மாதிரி தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்று ஹோமிலேயே ஓடும் என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேருக்கு ப்ரோ தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

தேவை என்று முடிவானால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எடிஷன் (ஹோம், ப்ரோ என்ற வகை) மாறுவது வேறு, ஆக்டிவேட் ஆவது வேறு. ப்ரோவுக்கான ஃபைல்கள் ஏற்கெனவே உங்கள் ஹோமுக்குள்ளேயே இருக்கின்றன. சாவியை, அதாவது ப்ராடக்ட் கீயைப் போட்டதும் விண்டோஸ் அந்தப் பகுதியைத் திறந்துகொள்கிறது. அதனால்தான் சில நிமிடத்தில், ஒரு ரீஸ்டார்ட்டில் வேலை முடிகிறது. உங்கள் ஃபைல்கள், டேலி டேட்டா, பிரிண்டர் எதற்கும் சேதமில்லை. அந்தச் சாவி செல்லுமா என்று மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்பது அடுத்த கட்டம். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போய் 25 எழுத்துச் சாவியை அடிக்கிறீர்கள். சதவீதம் ஏறுகிறது, திடீரென்று நின்று ஒரு நீளமான பிழை எண் வருகிறது. அதன் கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 067 என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. வைஃபையை அணையுங்கள், லேன் கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். எடிஷனை மாற்ற மட்டும் பயன்படும் பொதுச் சாவி ஒன்று ப்ரோவுக்கு உண்டு. அது ஆக்டிவேட் செய்யாது, காசும் கிடையாது. நெட் இல்லாத நிலையில் அதைப் போட்டால் எடிஷன் மாறிவிடும். ரீஸ்டார்ட் ஆனபின் நெட்டை இணைத்து, காசு கொடுத்து வாங்கிய சாவியைப் போடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டும் லைசென்ஸ் மேனேஜரும் முடக்கப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். ஹாட்ஸ்பாட் டேட்டா தீர்கிறது என்று யாரோ எப்போதோ அப்டேட்டை முடக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

210 என்று முடிந்தால் கதை வேறு: போட்டிருக்கும் எடிஷனும் லைசென்ஸும் பொருந்தவில்லை. ப்ரோவாக மாற்றிய லேப்டாப்பை யாராவது திரும்ப இன்ஸ்டால் செய்திருப்பார்கள். கம்பெனி பதித்த ஹோம் சாவி மதர்போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) சிப்பிலேயே இருப்பதால், இன்ஸ்டாலர் எந்த எடிஷன் என்று கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். "ப்ரோ போச்சே, இன்னொரு தடவை காசா?" என்று பதறுவார்கள். போகவில்லை. அந்த ப்ரோ டிஜிட்டல் லைசென்ஸாகப் பதிவாகியிருந்தால், உங்கள் மதர்போர்டின் பெயரில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் அப்படியே இருக்கும். ஆக்டிவேஷன் பக்கத்திலுள்ள ட்ரபிள்ஷூட்டரை (சிக்கலைத் தேடிச் சரிசெய்யும் கருவியை) ஓட்டினாலே பல நேரம் அதுவே கண்டுபிடித்து ப்ரோவுக்குக் கொண்டுபோகும்.

008 என்று வந்தால் வாங்கிய சாவியைச் சந்தேகியுங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கம்ப்யூட்டர்களில் அது ஏறிவிட்டது என்று பொருள். சில நூறு ரூபாய்க்கு "லைஃப்டைம் ப்ரோ" என்று நெட்டில் விற்பவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ மொத்தமாகக் கொடுத்த சாவிகள். இன்று வேலை செய்யும், அவர்கள் முடக்கினால் நின்றுவிடும். இதைவிட மோசம், சாவியே இல்லாமல் ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று பென்டிரைவில் சுற்றும் ஆக்டிவேட்டர் சமாச்சாரம். ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும்போதே உஷாராக வேண்டாமா? கிளையன்ட்டின் பான் எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும் மெஷினில் அதை ஓட்டியிருந்தால் நான் ப்ரோ பிரச்சினையை விட்டுவிட்டு முதலில் பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்வேன், அதுவும் வேறொரு மெஷினிலிருந்து.

எதில் கை வைப்பதற்கு முன்பும் ரெகவரி கீயை எடுத்து வையுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்திருந்தால், ஹோம் லேப்டாப்பிலும் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸ் அமைப்பில் ஏதாவது மாற்றினால், அடுத்த ஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கலாம், அதுதான் ரெகவரி கீ. அந்த எண் உங்கள் அக்கவுன்ட்டில் லாகின் செய்தால் கிடைக்கும். லேப்டாப் வாங்கும்போது கடைப் பையன் தன் ஜிமெயிலில் அக்கவுன்ட் திறந்து கொடுத்திருந்தால் அவனைத் தேடிப் போக வேண்டியதுதான். எண் கிடைக்காவிட்டால் அந்த டேட்டாவை நான் மட்டுமல்ல, எவராலும் எடுக்க முடியாது.

எஸ் மோடில் வரும் லேப்டாப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் இன்ஸ்டால் செய்ய விடாது. அதிலிருந்து வெளியே வருவது இலவசம். ஆனால் திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது. ஆக்டிவேஷன் பக்கத்தில் ஸ்டோருக்குப் போகும் லிங்க் இரண்டு இடத்தில் இருக்கும். "ஹோமுக்கு மாறு" என்பதன் கீழே இருப்பதை அழுத்துங்கள். "எடிஷனை உயர்த்து" என்பதன் கீழே இருப்பது ப்ரோவை விற்கும் பக்கம்.

ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க மட்டும் சாவி வழி கிடையாது. அதற்குப் புதிதாக இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும், எனவே பேக்கப் எடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

மதர்போர்டு மாற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து, லைசென்ஸ் அதோடு இணைந்திருக்கிறதா என்று ஆக்டிவேஷன் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். இணைந்திருந்தால், புது போர்டில் 211 என்று பிழை வரும்போது ட்ரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்" என்று தேர்ந்தெடுத்து லைசென்ஸை மீட்க முயலலாம். ப்ரோ வாங்கிய பில்லையும் லேப்டாப் பில்லோடு சேர்த்தே பின் அடித்து வையுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆதரவுக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.