விதி இரண்டு பொருள் தரும்போது: மினியேச்சர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நடுவரின் வேண்டுகோள்

சிறு வீரர் உருவங்களை மேசையில் நகர்த்திப் பகடை வீசி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுப் போட்டிகளில் நடுவரை மேசைக்கு அழைப்பவர்கள், எதிராளி ஏமாற்றுகிறார் என்று புகார் சொல்வது அரிது. இருவரும் ஒரே விதிநூலின் ஒரே வாக்கியத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நேர்மையாகவே வெவ்வேறு பொருள் கொண்டிருப்பார்கள். நான் தீர்த்துவைத்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை பகடை உருண்ட பிறகு எழுந்தவை. எந்தப் பொருள் கொண்டால் யாருடைய படை பிழைக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிட்ட பிறகு, எவ்வளவு நல்ல மனிதருக்கும் அந்த வாக்கியம் தமக்குச் சாதகமாகவே படிக்கக் கிடைக்கிறது. ஆகவே ஐயமுள்ள விதியை எப்படிப் படிப்பது என்பதோடு, எப்போது படிப்பது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஆட்டக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. விதியை எழுதியிருக்கிறபடியே ஆட வேண்டும் என்பது ஒரு கட்சி; எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ அதன்படி ஆட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டில் எதையும் முழுமையாகப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டியை நடத்த முடியாது என்பதே என் அனுபவம். 2017இல் வெளிவந்த, வார்ஹாமர் 40,000 என்ற மினியேச்சர் விளையாட்டின் எட்டாம் பதிப்பு இதற்கு நல்ல சான்று. அதில் சுடும் கட்டத்தில், அந்தச் சுற்றில் அட்வான்ஸ் செய்த (பகடை வீசிக் கூடுதல் தூரம் நகர்ந்த) யூனிட்டை, அதாவது வீரர் குழுவை, சுடும் யூனிட்டாகத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று அடிப்படை விதி சொன்னது. அஸால்ட் வகை ஆயுதத்துக்கான விதியோ, அதை ஏந்திய மாடல் (தனி வீரர் உருவம்) அட்வான்ஸ் செய்திருந்தாலும் சுடலாம் என்றது. சொல்லுக்குச் சொல் படித்தால், மாடலுக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் அந்த மாடல் இருக்கும் யூனிட்டைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. கிடைத்த அனுமதி பயனற்றுப் போகிறது. ஒரு விதி எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையையே அது செய்ய முடியாதபடி ஒரு வாசிப்பு ஆக்கிவிடுமானால், அந்த வாசிப்பைத் தள்ளிவிட வேண்டும். அட்வான்ஸ் செய்த யூனிட்டின் அஸால்ட் ஆயுதங்களைச் சுட அனுமதித்தே மேசைகளில் ஆடினார்கள். அது சரியான முடிவு.

ஆனால் இந்த உரிமையை எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே பதிப்பில் பிளாஸ்மா ஆயுதத்தைக் கூடுதல் ஆற்றலில் சுட்டால், ஹிட் வீச்சு (குறி தப்பாமல் பட்டதா என்று பார்க்கும் பகடை வீச்சு) 1 ஆகும்போது ஆயுதம் வெடித்து, ஏந்தியவரே மடிவார் என்று இருந்தது. எதிரி யூனிட்டின் ஏதோ ஒரு திறனால் வீச்சிலிருந்து 1 கழிக்க வேண்டியிருந்தால், 2 விழுந்தாலும் அது 1 ஆகி வீரர் மடிந்துபோவார். எதிரி இருட்டில் ஒளிந்திருப்பதற்கும் என் கையிலிருக்கும் துப்பாக்கி சூடேறுவதற்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. என்றாலும் அந்த விதி தெளிவாக ஒரே பொருளைத்தான் தந்தது. அதன்படி ஆடினால் எந்த விதியும் செயலற்றுப் போகவில்லை, விளைவு மட்டுமே விசித்திரமாக இருந்தது. விசித்திரம் என்பதற்காக நடுவர் விதியை மாற்றத் தொடங்கினால், மூன்றாவது மேசைக்கும் பதினோராவது மேசைக்கும் வெவ்வேறு ஆட்டமாகிவிடும். 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், மாற்றம் எதுவும் சேர்க்காத 1 என்று வெளியீட்டாளர்கள் வாசகத்தையே திருத்தினார்கள். அதைத் திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எனவே என் வரிசை இது: முதலில் சொற்களை அவற்றின் வரையறைப்படி படிக்கிறேன், ஒரே பொருள் கிடைத்தால், அது எனக்குப் பிடிக்காவிட்டாலும், அங்கேயே நின்றுவிடுகிறேன். இரண்டு பொருள் கிடைத்தாலோ, கிடைத்த ஒன்று விதியையே வெறுமையாக்கினாலோ, அப்போதுதான் நோக்கத்தைத் தேடுகிறேன். இதற்கு வெளியீட்டாளர் தந்துள்ள திருத்தங்களையும் கேள்வி-பதில்களையும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வரையறைப்படி படிப்பது என்பது எளிதாகத் தோன்றும். தகராறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. பத்து மாடல்கள் கொண்ட ஒரு யூனிட், தலைவரிடமிருந்து சற்றுத் தள்ளி, வளைந்து வால்போல் நீண்டு நிற்கிறது என்று கொள்வோம். தலைவரின் பேஸிலிருந்து (மாடல் நிற்கும் அடித்தட்டிலிருந்து) அளவு நாடாவை 6 அங்குலத்துக்கு நீட்டினால், முதல் மாடலுடைய பேஸின் விளிம்பு மட்டும் நாடாவின் முனைக்குள் வருகிறது. 6 அங்குலத்துக்குள் உள்ள யூனிட்டுக்கு மறுவீச்சு (பகடையை மீண்டும் வீசும் உரிமை) என்று விதி சொன்னால், பத்துப் பேருக்கும் மறுவீச்சு உண்டு. ஒரு மாடலின் பேஸில் ஒரு சிறு பகுதி உள்ளே இருந்தாலே போதும். 6 அங்குலத்துக்குள் உள்ள மாடல்களுக்கு என்று சொன்னால், அந்த ஒருவருக்கு மட்டுமே. முழுவதும் 6 அங்குலத்துக்குள் உள்ள யூனிட் என்று சொன்னால், ஒருவருக்கும் இல்லை. பத்து பேஸ்களும் விளிம்போடு உள்ளே வந்தாக வேண்டும். மேசையில் எதுவும் நகரவில்லை, விதியில் ஓரிரு சொற்கள் மட்டுமே மாறின. விதியை நினைவிலிருந்து சொல்லும் ஆட்டக்காரர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே ஐயம் வந்ததும் நான் முதலில் கேட்பது அட்டையையோ நூலையோ எடுத்து அந்த வரியை உரக்கப் படிக்கும்படிதான். படித்த மாத்திரத்தில் முடிந்துபோகும் வழக்குகள் ஏராளம்.

அதைவிடக் கடினமானது காலம் பற்றிய ஐயம். ஒரு நிபந்தனையை எந்தக் கணத்தில் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பல விளையாட்டுகளின் விதிகள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. ஐந்து பேர் சுடுகிறார்கள்; முதல் இருவரின் குண்டுகளிலேயே எதிரியின் முன்வரிசை அழிந்து, மீதமுள்ளவர்கள் சுவருக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள். மற்ற மூவரின் குண்டுகள் வீணாகுமா? இலக்கைத் தேர்ந்தெடுத்த கணமா, ஒவ்வொரு குண்டும் பாயும் கணமா என்பதைப் பொறுத்தே விடை அமையும். 2023இல் வந்த வார்ஹாமர் 40,000 பத்தாம் பதிப்பு இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது: இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு மாடலாவது பார்வைக்கும் தூரத்துக்கும் உட்பட்டிருந்தால் போதும், இடையில் நிலைமை மாறினாலும் எல்லாத் தாக்குதல்களும் நடக்கும். நீங்கள் ஆடும் விளையாட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இல்லையென்றால், எதிராளியோடு முதலில் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி அதுதான்.

நூலா நடுவரா என்ற இந்த இழுபறி புதிதல்ல. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் போர்ப் பயிற்சி விளையாட்டிலேயே நடுவர் இருந்தார். ஆனால் அவர் கையில் அட்டவணைகளும் பகடைகளும் இருந்தன. விதிகள் பெருகிப் பெருகி ஆட்டமே நகராத நிலை வந்தபோது, 1876இல் மற்றொரு பிரஷ்ய அதிகாரி வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே எல்லாவற்றையும் விடலாம் என்ற முறையை முன்வைத்தார். படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கூடத்துக்கு அது பொருந்தலாம். ஒருவரையொருவர் அறியாத ஆட்டக்காரர்கள் பரிசுக்காக மோதும் போட்டிக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வெற்றியும் தோல்வியும் நடுவரின் மனப்போக்கைச் சார்ந்திருக்கக்கூடாது.

எப்போது படிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். மாடலை நகர்த்தும்போதே உங்கள் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இவரை உங்கள் பீரங்கியின் பார்வையில் படாதபடி இந்தச் சுவருக்குப் பின்னால் நிறுத்துகிறேன், சரிதானே?" என்று கேட்டு, எதிராளி குனிந்து பார்த்துச் சம்மதித்துவிட்டால், அடுத்த சுற்றில் கொடிக்கம்பத்தின் நுனி தெரிகிறது என்ற வழக்குக்கே இடமில்லை. அதுபோலவே, ஒரு திறனை நம்பி முழுத் திட்டத்தையும் அமைக்கப் போகிறீர்கள் என்றால், அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வியப்பில் ஆழ்த்தும் நன்மையை இழந்துவிடுவோமே என்று சிலர் தயங்குகிறார்கள். எதிராளிக்குத் தெரிந்தால் செல்லாது என்று நீங்களே அஞ்சும் வாசிப்பு, நடுவர் முன்னிலையிலும் பெரும்பாலும் செல்லாது.

நடுவர் இல்லாத நட்பு ஆட்டத்தில் பேச்சு முடியவில்லையென்றால், ஆளுக்கொரு பகடை வீசி, அதிக எண் பெற்றவரின் வாசிப்பை ஏற்றுக்கொள்ளலாம். அந்த முடிவு ஆட்டம் முடியும்வரை இருவருக்கும் பொருந்த வேண்டும். இரண்டாம் சுற்றில் உங்களுக்கு உதவிய பொருள் நான்காம் சுற்றில் எதிராளிக்கு உதவும்போது மறுபடியும் வாதத்தைத் தொடங்குவது நேர்மையாகாது.

போட்டியில் நடுவரை அழைப்பதை அவமரியாதையாக எண்ண வேண்டாம். அழைத்தவுடன் பகடைகளையும் மாடல்களையும் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, கடிகாரத்தை நிறுத்துங்கள். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடாமல் இருந்தால், தீர்ப்பு பாதி நேரத்தில் கிடைத்துவிடும். எங்களிடம் சொல்ல வேண்டியது மேசையின் நிலையும், ஐயத்துக்குரிய வரியும் மட்டுமே. போன மாதம் வேறொரு நடுவர் என்ன சொன்னார் என்பது எங்களைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு தவறென்று உறுதியாக நினைத்தால், தலைமை நடுவரிடம் ஒருமுறை முறையிடலாமா என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் ஆட்டத்தைத் தொடருங்கள். எந்தெந்த விதிகளில் ஐயம் இருக்கிறதோ அவற்றைப் போட்டிக்குச் சில நாள் முன்பே அமைப்பாளருக்கு எழுதி, விடையையும் எழுத்திலேயே பெற்றுக்கொண்டு, அச்செடுத்துப் படைப்பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எதிராளியிடம் காட்டிவிடுங்கள்.